வாசலில் நிற்பவர் யார்?

இன்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

கத்தரிக்காயா? முருங்கைக்காயா? கருவாடா?

எதுவாகவும் இருக்கட்டும். அதை முடிவு செய்தவர் யார்? சந்தையில் எத்தனையோ காய் குவிந்து கிடந்தது. அதில் நாலு வகைதான் உங்கள் வீட்டுக் கூடைக்கு வந்தது. அந்த நாலில் ஒன்றுதான் இன்று உங்கள் இலையில் விழுந்தது. மற்றவற்றை நீங்கள் பார்க்கவே இல்லை. பார்க்காததைப் பற்றி நீங்கள் கேட்கவும் இல்லை.

முடிவு செய்தவர் உங்கள் அம்மா. அல்லது உங்கள் மனைவி.

இதில் என்ன அதிசயம் என்று நினைக்கிறீர்களா? இந்தச் சாதாரண விஷயத்தை வைத்துத்தான் ஒரு பேராசிரியர் பெரிய ஆராய்ச்சி செய்தார். அவர் பெயர் குர்ட் லெவின். ஜெர்மனியில் இருந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தவர்.

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு. ஈரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றை அங்கே பலர் விரும்பிச் சாப்பிடுவது இல்லை. அவற்றையும் மக்கள் சாப்பிடும்படி செய்ய வேண்டும். யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும்?

லெவின் ஆராய்ந்து பார்த்தார். கணவனிடம் சொல்லிப் பயன் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லியும் பயன் இல்லை. சமையல் அறையின் வாசலில் நிற்பவர் குடும்பத் தலைவி. அவர் எதை உள்ளே விடுகிறாரோ, அதுதான் மேசைக்கு வரும் என்று கண்டார்.

"வாசல்காரர்" என்று அவருக்குப் பெயர் வைக்கலாம்.

லெவின் இன்னொன்றும் சொன்னார். செய்தியும் இப்படித்தான் வாசல் வாசலாகக் கடந்து வருகிறது என்றார். 1947-ம் ஆண்டு அவர் இறந்துபோனார். ஆனால், அவர் சொன்ன அந்தச் சொல் சாகவில்லை.

பத்தில் ஒன்று

லெவினிடம் வேலை பார்த்தவர் டேவிட் மானிங் ஒயிட். அவர் ஒரு சிறு நகரத்துப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். அங்கே வெளியூர்ச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அனுபவசாலி. "நீங்கள் எந்தச் செய்தியைத் தள்ளினாலும், ஏன் தள்ளினீர்கள் என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள்" என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் அப்படியே நடந்தது. பிறகு எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்கள். வந்து குவிந்த செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அச்சில் ஏறியிருந்தது. பத்தில் ஒன்பது பங்கு குப்பைக் கூடைக்குப் போய்விட்டது!

தள்ளியதற்கு அவர் எழுதிய காரணங்கள் என்ன? பல செய்திகளில் "இடம் இல்லை" என்று எழுதியிருந்தார். சிலவற்றில் "சுவை இல்லை" என்று எழுதியிருந்தார். சிலவற்றில் "இது பிரசாரம்" என்று எழுதியிருந்தார். அவருடைய சொந்த விருப்பு வெறுப்பும் அதில் கலந்திருந்தது.

இந்த ஆராய்ச்சி 1950-ம் ஆண்டு வெளிவந்தது.

அந்த மனிதர் கெட்டவர் அல்ல. பொய் எழுதியவரும் அல்ல. பத்திரிகையில் இருப்பது சில பக்கம். உலகமோ பெரியது. யாராவது ஒருவர் வாசலில் நின்று தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால், அந்தத் தேர்வுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது, பாருங்கள்.

1968-ல் அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. மெக்கோம்ஸ், ஷா என்று இரண்டு பேராசிரியர்கள் ஒரு ஊரில் 100 வாக்காளர்களைப் பேட்டி கண்டார்கள். யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் அவர்கள். "நாட்டில் எது பெரிய பிரச்சினை?" என்று அவர்களிடம் கேட்டார்கள். அதே நேரத்தில் பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் எதற்கு அதிக இடம் கிடைக்கிறது என்றும் கணக்கு எடுத்தார்கள்.

இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

பத்திரிகை எதைப் பெரிதாகப் போட்டதோ, அதைத்தான் மக்களும் பெரிது என்று நினைத்தார்கள். எதைப் போடவில்லையோ, அது அவர்கள் மனதில் இல்லை.

உலகைப் பங்கு போட்டார்கள்

இது ஒரு ஊர்க் கதை. உலகக் கதை இதைவிடப் பெரியது.

காய்கறிக்கு மண்டி இருக்கிறது அல்லவா? செய்திக்கும் மண்டி உண்டு. அதற்கு செய்தி ஏஜென்சி என்று பெயர். ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு நாட்டிலும் நிருபர் வைக்க முடியாது. ஆகவே, ஏஜென்சி மொத்தமாகச் செய்தி சேகரித்துப் பத்திரிகைகளுக்கு விற்கிறது.

முதல் பெரிய மண்டியை பாரிஸ் நகரில் 1835-ல் திறந்தவர் அவாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். அவரிடம் வேலை பழகிய இரண்டு பேர் பிறகு சொந்தக் கடை போட்டார்கள். ஒருவர் உல்ப். பெர்லினில் 1849-ல் தொடங்கினார். இன்னொருவர் ராய்ட்டர். ஜெர்மனியின் ஆகென் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகருக்கும் இடையே அப்போது தந்திக் கம்பி இல்லை. அந்த இடைவெளியில் 1850-ல் புறாக்களைப் பறக்கவிட்டு ரெயிலை முந்தியவர் இவர்தான். 1851-ல் லண்டனில் கடை திறந்தார்.

1870-ல் இந்த மூன்று ஏஜென்சிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அண்ணன் தம்பி நிலத்தைப் பங்கு போடுவது போல உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டன!

பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் கீழ்த்திசை நாடுகளும் ராய்ட்டருக்கு. இந்தியா அதில் அடக்கம். பிரான்சும் அதன் காலனிகளும் இத்தாலி, ஸ்பெயின் நாடுகளும் அவாசுக்கு. ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷியா, வடக்கு ஐரோப்பா உல்பின் பங்கு.

ஒருவர் பங்கில் இன்னொருவர் கால் வைக்கக்கூடாது. இந்தியாவில் நடப்பதை ஜப்பான்காரன் தெரிந்துகொள்ள வேண்டுமானால், லண்டன்காரர் தேர்ந்தெடுத்ததைத்தான் படிக்க வேண்டும்.

அமெரிக்கா அழுதது

இந்தப் பங்கீட்டால் நொந்தவர்களில் அமெரிக்காவும் ஒன்று. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் உண்மை.

"அசோசியேட்டட் பிரஸ்" என்பது அமெரிக்காவின் ஏஜென்சி. அதன் பொது மேலாளராக 1925-ல் கென்ட் கூப்பர் வந்தார். 1942-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் தன் மனக்குறையைக் கொட்டினார்.

அமெரிக்காவைப் பற்றி என்ன செய்தி வெளி உலகத்துக்குப் போக வேண்டும் என்பதை ராய்ட்டர்தான் முடிவு செய்தது என்றார். மேற்கே செவ்விந்தியர் சண்டை. தெற்கே கும்பல் சேர்ந்து மனிதனைத் தூக்கில் போடும் கொடுமை. வடக்கே விசித்திரக் கொலைகள். இப்படிப்பட்ட செய்திகள்தான் போயின; அமெரிக்காவுக்குப் பெருமை தரும் செய்தி எதுவும் போகவில்லை என்று எழுதினார்.

ஒன்றைக் கவனியுங்கள். தெற்கே மனிதர்களைத் தூக்கில் போட்டது பொய் அல்ல. கறுப்பர்களுக்கு அங்கே நடந்த அந்தக் கொடுமை உலகம் அறிந்தது. அது வெளியே தெரிந்தது நல்லதுதான். "அதை மட்டும் காட்டினால் அதுதான் அமெரிக்கா என்று ஆகிவிடாதா?" என்பதுதான் கூப்பரின் வழக்கு.

அந்தப் பங்கீடு 1934-ல் உடைந்தது. அதன் பிறகு அமெரிக்க ஏஜென்சியும் உலகம் எங்கும் மண்டி திறந்தது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1947 ஆகஸ்டு 15-ல் சுதந்திரம். 12 நாள் கழித்து, ஆகஸ்டு 27-ந் தேதி, நம் சென்னையில் "பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா" பதிவு செய்யப்பட்டது. பல பத்திரிகைகள் சேர்ந்து அமைத்தது அது. 1949-ல் வேலையைத் தொடங்கியது. நம் நாட்டுச் செய்திக்கு நம் நாட்டு வாசல்காரர் வந்தார்.

சுழன்று வந்த புகார்

ஒரு சின்னச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ஆப்பிரிக்காவை நினையுங்கள். என்ன தெரிகிறது?

பஞ்சம். போர். சிங்கம். ஒட்டிய வயிற்றுடன் ஒரு குழந்தை.

அங்கே சந்தை இல்லையா? பள்ளிக்கூடம் இல்லையா? கல்யாணம் நடக்கவில்லையா? எல்லாம் நடக்கிறது. நம் கண்ணுக்கு வரவில்லை. அவ்வளவுதான். நம்மைப் பற்றி மற்ற நாட்டார் வைத்திருக்கும் படமும் இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஏன் இப்படி? நார்வே நாட்டு அறிஞர்கள் இரண்டு பேர் இதை ஆராய்ந்தார்கள். ஜோகன் கால்டுங், மாரி ரூகே. காங்கோ, கியூபா, சைப்ரஸ் நாடுகளின் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டின் நாலு பத்திரிகைகள் எப்படி வெளியிட்டன என்று பார்த்தார்கள். 1965-ல் முடிவை எழுதினார்கள்.

திடீர் என்று நடப்பது செய்தி ஆகும். மெல்ல நடப்பது ஆகாது. பெரிய நாட்டில் நடப்பது செய்தி ஆகும். பெரிய மனிதருக்கு நடப்பது செய்தி ஆகும். ஏழை நாட்டில் நடப்பது செய்தி ஆக வேண்டுமானால், அது பெரும்பாலும் கெட்டதாக இருக்க வேண்டும்!

ஒரு கிராமத்தில் பத்து ஆண்டு பாடுபட்டுப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். செய்தி இல்லை. ஒரு நிமிடத்தில் கூரை விழுகிறது. அது செய்தி.

சுதந்திரம் பெற்ற ஏழை நாடுகள் 1970-களில் குரல் எழுப்பின. "எங்கள் பஞ்சத்தையும் கலகத்தையும் மட்டும் காட்டுகிறீர்களே, எங்கள் உழைப்பைக் காட்டக்கூடாதா?" என்று கேட்டன. அணிசேரா நாடுகள் 1975-ல் தங்கள் ஏஜென்சிகளை ஒன்று சேர்த்துச் செய்திகளைப் பரிமாறத் தொடங்கின.

கூப்பரின் புகார்தான் இது! பேசும் வாய்தான் வேறு.

"யுனெஸ்கோ" சபை 16 பேர் கொண்ட கமிஷனை அமைத்தது. அயர்லாந்தின் சீன் மக்பிரைட் தலைவர். அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். கதாசிரியர் மார்க்கேஸ் ஓர் உறுப்பினர். நம் நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் பி.ஜி.வர்கீசும் ஓர் உறுப்பினர். 1980-ல் அறிக்கை வந்தது. செய்தி ஒரே பக்கமாகப் பாய்கிறது, அது சரி அல்ல என்று அறிக்கை சொன்னது. தணிக்கையும் கூடாது என்று சொன்னது.

அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் கோபம் வந்தது. "இது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆபத்து" என்றார்கள். 1984 முடிவில் அமெரிக்கா யுனெஸ்கோவை விட்டு விலகியது. 1985 முடிவில் பிரிட்டனும் விலகியது. வேறு காரணங்களும் சொன்னார்கள். ஆனால், இந்தச் செய்திச் சண்டை முக்கியக் காரணங்களில் ஒன்று. பிறகு இரண்டும் திரும்பி வந்தன.

தனக்கு வந்தபோது அநியாயம். அடுத்தவனுக்கு வந்தபோது சுதந்திரம்! இதுவா நியாயம்?

நம் முதுகையும் பார்ப்போம்

அவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்துவிடக்கூடாது. நம் முதுகிலும் அழுக்கு இருக்கிறது.

1975 ஜூன் 25-ந் தேதி இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்ட பத்திரிகைகளும் உண்டு. 1976 பிப்ரவரியில், நாட்டில் இருந்த நாலு செய்தி ஏஜென்சிகளையும் அரசாங்கம் ஒன்றாக்கிவிட்டது. "சமாச்சார்" என்று பெயர் வைத்தது. நாலு வாசல் போய் ஒரு வாசல் ஆயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் என்ன நடந்தது தெரியுமா? டெல்லியில் அணிசேரா நாடுகளின் மாநாடு கூடியது. உலகச் செய்தியில் நியாயம் வேண்டும் என்று அந்த மாநாட்டில் பேசினார்கள்!

வெளிநாட்டு வாசல்காரர் அநியாயம் செய்கிறார் என்று முழங்கிய அதே நேரத்தில், உள்நாட்டு வாசல் அடைத்துக் கிடந்தது. 1978-ல் "சமாச்சார்" கலைக்கப்பட்டது. பழைய ஏஜென்சிகள் மீண்டும் வந்தன.

ஆகவே, என் அபிப்பிராயம் இது. வாசல் வெளிநாட்டான் கையில் இருந்தால் கெட்டது, நம்மவன் கையில் இருந்தால் நல்லது என்று நினைப்பது தவறு. வாசல் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து.

இலங்கையில் போர் நடந்தபோது பக்கத்து ஊர் நிலவரத்தை அறியத் தமிழர்கள் எதைக் கேட்டார்கள்? லண்டனில் இருந்து வந்த பி.பி.சி. தமிழோசை வானொலியைக் கேட்டார்கள். அந்த வானொலி 2017-ல் நின்றுவிட்டது. வெளிநாட்டுக் குரல்தான். ஆனாலும் இன்னொரு வாசலாக இருந்து உதவியது.

புது வாசல்காரர்

இப்போது காலம் மாறிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் செல்போன். "இனி வாசலே இல்லை. எல்லாம் நேராக என்னிடம் வருகிறது" என்று பலர் நினைக்கிறார்கள்.

தப்பு! வாசல் இருக்கிறது. வாசல்காரர் முகம்தான் தெரிவது இல்லை.

நீங்கள் எந்தப் படத்தை அதிக நேரம் பார்த்தீர்கள், எதை அழுத்தினீர்கள் என்று சமூக வலைதளக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கிறது. அதே மாதிரி இன்னும் பத்து அனுப்புகிறது. கோபம் வரும் படத்தைப் பார்த்தால், கோபம் வரும் படமே வந்துகொண்டிருக்கும். அந்தப் பழைய உதவி ஆசிரியர், ஏன் தள்ளினேன் என்று எழுதியாவது வைத்தார். இந்தக் கம்ப்யூட்டர் உங்களிடம் காரணம் சொல்வது இல்லை.

வாட்ஸ்-அப்பிலோ வேறு ஒரு வாசல்காரர் இருக்கிறார். அவர் யார்? நீங்கள்தான்!

டீக்கடையில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். நாலு பேர் கேட்பார்கள். படித்ததைவிட, படித்தவர் சொன்னதைத்தான் நம்புவார்கள். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1940-ல் அமெரிக்காவின் ஓகியோ மாநிலத்தில் லாசர்ஸ்பெல்ட் என்ற பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் வாக்காளர்களைத் தொடர்ந்து பேட்டி கண்டார்கள். ரேடியோவையும் பத்திரிகையையும் விட, பழகிய மனிதரின் பேச்சே பலர் மனதைத் திருப்பியது என்று கண்டார்கள்.

வாட்ஸ்-அப் அந்தப் பழகிய மனிதரின் பெயரில்தான் வருகிறது. "மாமா அனுப்பினார்", "அக்கா அனுப்பினாள்" என்று நம்புகிறோம். மாமாவுக்கு அனுப்பியது யார்? மாமாவுக்கே தெரியாது.

இதனால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? நடந்ததைச் சொல்கிறேன்.

2018 மே மாதம். "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்-அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலைத் தேடிக்கொண்டு காரில் வந்தது. அதில் 65 வயதுப் பாட்டி ஒருவர். வழியில் பார்த்த குழந்தைகளுக்கு ஆசையோடு சாக்லெட் கொடுத்தார்.

பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் கூடி அடித்தது. அந்தப் பாட்டி செத்துப்போனார்.

சாமி கும்பிட வந்தவர். குழந்தைக்கு இனிப்புக் கொடுத்தவர். அடித்த கைகள் சிலருடையவை. ஆனால், அந்த வதந்தியை "எதற்கும் இருக்கட்டும்" என்று அடுத்தவருக்கு அனுப்பிய விரல்கள் எத்தனை! அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்கள் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். தாங்கள் ஒரு வாசலில் நின்றோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஆண்டு இந்தியாவில் இப்படிப் பல உயிர்கள் போயின. ஜூலையில், ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்-அப் கட்டுப்பாடு வைத்தது. நல்லதுதான். ஆனால், ஐந்து பேருக்குப் பொய் சொல்லலாம் என்று அர்த்தம் இல்லையே!

அரிசியில் கல்

ஒரு சேதி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

இதை முதலில் சொன்னவர் யார்? பெயர், ஊர், தேதி இருக்கிறதா?

இதில் விட்டுப்போனது என்ன? எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?

வேறு ஒரு வாசல் வழியாகவும் இந்தச் சேதி வந்திருக்கிறதா?

பத்திரிகைச் செய்திக்கும் இதுதான் அளவுகோல். இந்தக் கட்டுரைக்கும் இதுதான் அளவுகோல். முடிந்தால் இரண்டு பத்திரிகை படியுங்கள். இரண்டும் ஒரே நிகழ்ச்சியை எப்படிச் சொல்கின்றன என்று பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேள்வி கேட்கப் பெரிய படிப்பு வேண்டியது இல்லை.

கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லையா? அனுப்பாதீர்கள். அனுப்பாமல் விட்ட சேதியால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

நம் வீட்டு அம்மாவைப் பாருங்கள். எந்தக் கடை அரிசியாக இருந்தாலும் முறத்தில் போட்டுப் புடைக்கிறாள். கல் பொறுக்குகிறாள். பிறகுதான் உலையில் போடுகிறாள். "தெரிந்த கடை" என்பதற்காகக் கல்லோடு பொங்குவது இல்லை. சாப்பிடப் போவது அவள் பிள்ளைகள் அல்லவா?

சேதியையும் அப்படிப் புடைத்துப் போடுங்கள். அதையும் உங்கள் பிள்ளைகள்தான் சாப்பிடுகிறார்கள்.